பாய்லரின் ஊசியும் என் தூண்டிலும்

ஓசூரில் உள்ள அத்தனை கம்பெனியிலும் ஏறி இறங்கித் தேடினாலும் பாய்லரைப் போல ஒரு தைரியசாலியை நீங்கள் பார்க்க முடியாது. முப்பது வருடம் நெருப்புக்கு முன்னால் நின்ற மனிதர். நீராவி சீறினால் மற்றவர்கள் வெளியே ஓடுவார்கள். இவர் உள்ளே போய்த் திருப்பிச் சீறுவார் என்று கம்பெனியில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரு மண்புழுவைக் கண்டால் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லின் மேல் ஏறிவிடுவார். இதை என் கண்ணால் நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, ரெண்டு வருடம் பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் அட்டையில் எழுதியிருப்பார்கள். ஆனால் கட்டின பெண்டாட்டி ரத்னம்மா முதற்கொண்டு எல்லோரும் பாய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனியில் பாய்லர் ஓட்டுகிற வேலை என்பதால் மட்டும் வந்த பெயர் இல்லை அது. பெரிய மீசை, பீப்பாய் உடம்பு, தொண்டையைத் திறந்தால் சங்கு ஊதுகிற மாதிரி சத்தம். அவர் மூன்றாவது தெருவில் உட்கார்ந்து "காபி" என்றால் முதல் தெருவில் நாங்கள் அடுப்பில் பால் வைப்போம்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெருமை பேசுகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை. நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் எங்கள் லேஅவுட்டில் செவ்வாய்க்கிழமை விளக்கு பூஜை என்றால் முதல் விளக்கு என்னுடையது. கறி மீன் தின்பதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. விட்ட அன்றைக்கு அதைத் தெருத் தெருவாகப் போய்ச் சொன்னேன்.

மீன் தின்பதைத்தான் விட்டேன். பிடிப்பதை விட்டதாக நான் எங்கேயும் சொல்லவில்லை.

சின்ன வயதில் பிறந்த ஊரான பேரிகையில் என் அண்ணன்களோடு ஏரிக்குப் போவேன். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பிடிப்பதைவிட நான் ஒருத்தி பிடிப்பது அதிகமாக இருந்தது. அதனாலேயே "பொம்பளப் புள்ளைக்குத் தூண்டி எதுக்கு" என்று பிடுங்கிக்கொண்டார்கள். பின்னால் எனக்கு வயது ஏறினதும் அதே வார்த்தையைப் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் சொல்லி வந்தேன். அண்ணன்களைவிடச் சத்தமாகவே சொன்னேன்.

எனக்குச் சர்க்கரை வந்தது. காலையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் ஒரு ஏரி. நடக்கத்தான் போனேன். தண்ணீரில் ஒரு கெண்டை வாலை அடித்துவிட்டு உள்ளே போனதைப் பார்த்தேன். சர்க்கரை, விளக்கு பூஜை எல்லாம் அந்த இடத்திலேயே மறந்துபோயிற்று. அடுத்த வாரம் ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிச் சந்தைக்குத் தனியாகப் போய் ஒரு மடக்குத் தூண்டில் வாங்கினேன்.

"யாருக்கும்மா?" என்று கேட்டான் கடைக்காரன்.

"என் மகனுக்கு."

"மகன் என்ன உயரம்மா இருப்பாரு? அதுக்குத் தக்கன எடுக்கணும்."

"என் உயரம்தான்" என்றேன்.

அதை என் கறுப்புக் குடைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன். மழையில்லாத மாதத்தில் குடையோடு நடக்கப் போகிறவளைப் பார்த்து என் மருமகள் சுதா ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்தும் எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள்.

ஒரு மார்கழிக் காலை. ஓசூர்ப் பனி தெரியும்தானே, பத்தடிக்கு அப்பால் இருக்கிற எருமை தெரியாது. கரைக்கு அந்தப் புறம் பெரிய பாறைகள் கிடக்கும். அங்கே போனால் ஓர் ஆள் எனக்கு முதுகு காட்டி, குனிந்து, தோளை ஆட்டிக்கொண்டிருக்கிறார். குடிகாரன் போலிருக்கிறது, திரும்பிவிடலாம் என்று பார்த்தால், மீசை தெரிந்தது. பாய்லர். கையில் இரண்டு ஊசி. மடியில் ரோஸ் கலர் கம்பளி நூல்.

"என்னப்பா அது கையில?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு ஊசி எதுக்கு?"

அவர் லுங்கிக்குள் ஒளிக்கப் பார்த்தார். ஊசி தொடையில் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது இருக்கட்டும். உங்க குடையில எதுக்குக்கா கொக்கி தொங்குது?"

நான்தான் முதலில் உட்கார்ந்தேன். முழங்கால் வலி.

பீடியை விட்ட பிறகு கை சும்மா இருக்க மறுத்ததாம். செல்போனில் யாரோ ஒரு பெண் குல்லா பின்னுவதைப் பார்த்து, அப்படியே பிடித்துக்கொண்டாராம். "முப்பது வருஷமா கையில பட்டதெல்லாம் சுடுதுக்கா. இது ஒண்ணுதான் மெத்துனு இருக்குது" என்றார். பிறகு குரலை இறக்கினார். பாய்லரின் இறக்கின குரல் என்றால் மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவு. "கம்பெனியில தெரிஞ்சா என் கதை முடிஞ்சிது. இத்தினி வருஷம் பாய்லர்னு கூப்புட்டவனுங்க மறுநாள் என்னான்னு கூப்புடுவானுங்க? ரிட்டயர் ஆவ மூணு வருஷம் இருக்குது. பேரோட போயிட்றேங்கா."

எனக்கும் பேர்தான் பிரச்சினை. விளக்கு பூஜைக்காரி மண்புழு டப்பாவோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு முதல் விளக்கு ஏற்றுவேன்? தெரிந்தால் இரண்டு பேருக்கும் ஏரிக்கரை போயிற்று. அதனால் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று.

அவருக்கு செகண்ட் ஷிப்ட் வருகிற வாரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை ஏழு மணிக்குப் பாறையில் இருப்போம். என் இடப்பக்கம் அவர். முதல் வாரமே லேஅவுட் செக்ரட்டரி வாக்கிங் வந்துவிட்டார். பதறிப்போய் இரண்டு பேரும் கையில் இருந்ததைக் கீழே போட்டோம். வெறுங்கையோடு இருந்தால் இன்னும் சந்தேகம் வரும் என்று திரும்ப எடுத்தோம். எடுத்ததில் மாறிப்போயிற்று. தூண்டில் அவர் கையில், ஊசி என் கையில்.

செக்ரட்டரி எங்களைப் பார்த்தார். "என்ன பாய்லர், மீனா? பெரியம்மா ஸ்வெட்டர் பின்றீங்களா? நல்லது நல்லது" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். உலகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. கரையில் செருப்புச் சத்தம் கேட்டால் பாய்லர் தண்ணீரைப் பார்த்தபடியே "பிரஷர் ஏறுதுக்கா" என்பார். நான் தூண்டிலை இடது பக்கம் நீட்டுவேன். ஊசி வலது பக்கம் வந்துவிடும். ஆள் போனதும் "எறங்கிடுச்சு" என்பார். மறுபடி மாறிக்கொள்வோம். பழகப் பழக அரை நொடிக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் கொக்கு நின்றால்கூடப் பறக்காது.

ஒரு கிழவியும் மீசைக்காரரும் வாரா வாரம் ஒரே பாறையில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. என் எழுபத்தோரு வயதில் அப்படி ஒரு பேச்சு வந்திருந்தால் உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்திருக்கும்.

தொழிலை மாற்றிக்கொண்டால் விளைச்சலையும் மாற்றிக்கொள்ளத்தானே வேண்டும். மீன் பாய்லர் வீட்டுக்குப் போயிற்று. குல்லாவும் ஸ்வெட்டரும் என் வீட்டுக்கு வந்தன. ரத்னம்மா தன் அண்ணன் தம்பிகள் இருக்கிற ஜவளகிரி வரைக்கும் போன் போட்டு, "எங்க வூட்டுக்காரரு தூண்டி போட்டா மீனு தானா வந்து மாட்டிக்குது" என்று பீற்றிக்கொண்டாள். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளெல்லாம் என் குல்லா போட்டுக்கொண்டு திரிந்தன.

அங்கேயாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புகழ்ச்சி என்று வந்துவிட்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"எப்புடிம்மா இவ்ளோ நைசா பின்றீங்க?" என்று பூஜையில் ஒருத்தி கேட்டாள்.

"இதெல்லாம் ஒரு வேலையா? கண்ண மூடிகினு பின்னுவேன்."

"குழந்தை குல்லாவுக்கு எத்தினி கண்ணி போடணும்?"

கண்ணி என்பது ஊசியில் ஏற்றுகிற நூல் சுற்று என்பதே எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். "அதெல்லாம் எண்ணக் கூடாது. குழந்தையோட தலையப் பாத்தா கைக்குத் தானா வரும்" என்றேன்.

சுதா பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேஅவுட்டில் நடத்துகிற பெண்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. "அத்த, அப்ப எங்க குழுவுக்கு நீங்களே கத்துக் குடுங்களேன்" என்றாள்.

இருபது பெண்கள் ஒன்றாகத் தலையாட்டினார்கள். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அதுக்கென்ன, ஒரு ஞாயித்துக்கெழம வெச்சிக்கலாம்" என்றேன்.

மறுநாள் பாறையில் போய் பாய்லரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் பாடும் அதேதான். அவருடைய மச்சான்கள் ஜவளகிரியிலிருந்து வரப்போகிறார்களாம், மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்று. "கேன்டீன்லயும் வுட மாட்றானுங்கக்கா. என்ன எரை போடுவன்னு கேட்டானுங்க. வாய் தவறி, மொதல்ல நாப்பது கண்ணி ஏத்தணும்னு சொல்லிட்டேன்."

"அவனுங்க என்ன சொன்னாங்க?"

"பெரிய மீனு போலன்னு நெனச்சிகினானுங்க."

சரி, ஆளுக்கு ஆள் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தோம். அவர் எனக்குப் பின்னல். நான் அவருக்குத் தூண்டில். மூன்று வாரம் பின்னினேன். "அந்தக் கண்ணிய வுடாதக்கா, அடுத்தது அழுதுகினு நிக்குது பாரு" என்று அவர் கத்துகிற கத்தலில் இன்னும் இரண்டு கண்ணி நழுவும். கழுத்துக்குச் சுற்றுகிற துண்டாக ஆரம்பித்தேன். போகப் போக ஒரு பக்கம் குறுகி, சமோசா மாதிரி முடிந்தது. இப்போது எங்கள் வீட்டில் குக்கர் இறக்குவது அதை வைத்துத்தான்.

அவர் லட்சணம் அதற்கு மேல். புழுவைத் தொட மாட்டேன் என்றார். நான் திட்டியதும் மறுநாள் கம்பெனியில் நெருப்பு வேலைக்குப் போடுகிற தோல் கையுறையை முழங்கை வரைக்கும் மாட்டிக்கொண்டு வந்தார். அதோடு புழுவை எடுக்கப் பார்த்தார். புழு நெளிந்தது. அவரும் நெளிந்தார். அந்தப் புழு பிழைத்துக்கொண்டது.

நான் ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு வாரம் முழங்கால், ஒரு வாரம் கண், ஒரு வாரம் அமாவாசை. கடைசியில் சுதாவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். அத்தை நாள் சொல்ல மாட்டாள், நாமே ஏரிக்கரைக்குப் போய்விடலாம் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை பனி இல்லை. பாய்லர் ஒரு பச்சை ஸ்வெட்டரின் கைப்பகுதியை முடிக்கிற கட்டத்தில் இருந்தார். தண்ணீரில் என் தூண்டில் தக்கை அசையாமல் நின்றது. திடீரென்று அவர் குரல் கம்மியது. "அக்கா. பிரஷர் ஏறுது. ரொம்ப ஏறுது."

திரும்பிப் பார்த்தேன். கரை முழுக்கப் புடவை. ஆளுக்கு ஒரு பையில் கம்பளி நூலும் ஊசியும். முன்னால் சுதா. பக்கத்தில் ரத்னம்மா. விளக்கு பூஜைக் கூட்டம் மொத்தமும் பின்னால். மாற்றிக்கொண்டோம். அது என்னவோ கச்சிதமாகத்தான் நடந்தது.

வந்தவர்கள் எங்களைச் சுற்றி அரை வட்டமாக உட்கார்ந்தார்கள். "அத்த, நீங்க பின்னுங்க. நாங்க பாத்துகினே கத்துக்கிறோம்" என்றாள் சுதா. ஊசியை இப்படியும் அப்படியும் பிடித்தேன். தொண்டையைச் செருமினேன். "மொதல்ல சாமியக் கும்பிட்டுக்கணும்" என்று கண்ணை மூடினேன். எவ்வளவு நேரம்தான் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியும்?

அப்போது தக்கை மூழ்கியது.

எனக்குத் தெரியும், கண்ணை மூடியிருந்தாலும் தெரியும். பாய்லர் "ஐயோ" என்ற சத்தம் வேறு கேட்டது. கண்ணைத் திறந்தால் தூண்டில் வில்லாக வளைந்திருக்கிறது. பாய்லர் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு, ஏதோ வால்வை மூடுகிற மாதிரி முறுக்குகிறார். தூண்டில் நரம்பு இழுத்த இழுப்பில் தெரிந்துவிட்டது, இது கெண்டை இல்லை, பெரிய கட்லா. ரெண்டு வருடமாக நான் காத்துக்கொண்டிருந்த கட்லா.

"இழுக்காதப்பா" என்றேன், பல்லுக்கு நடுவில்.

அவர் இழுத்தார்.

"வுட்டுப் புடி. எடப்பக்கம் சாயி. எடப்பக்கம்யா."

அவர் வலப்பக்கம் சாய்ந்தார். ரத்னம்மா பெருமையோடு எல்லோரையும் பார்த்து, தெலுங்கும் தமிழுமாக, "சூடண்டி, எங்காளு புடிக்கிற தினுச பாருங்க" என்றாள். நரம்பு கிறீச்சென்றது. இன்னும் ஒரு இழுப்பு, அறுந்துவிடும்.

என் பேர், முதல் விளக்கு, இத்தனை வருட சைவம் எல்லாம் ஒரு பக்கம் இருந்தது. மறுபக்கம் கட்லா. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். ஊசியையும் ஸ்வெட்டரையும் வீசினேன், முந்தானையை இடுப்பில் செருகினேன், அவர் கையிலிருந்து கம்பைப் பிடுங்கினேன். "தள்ளு அந்தாண்ட. உனக்கு மீனப் பத்தி என்னா தெரியும்?"

இடம் விட்டேன், வலம் விட்டேன். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினேன். களைக்க வைத்து, செவுளில் விரல் விட்டுத் தூக்கினேன். நாலு கிலோ இருக்கும். என் மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறி வந்தேன். அந்த நிமிடம் என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பூஜையில் இருந்ததில்லை, அது நிச்சயம்.

ஆனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வீசின ஸ்வெட்டரிலிருந்து ஊசி உருவிப்போயிருந்தது. கண்ணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தன. நூல் உருண்டை தண்ணீரைப் பார்த்து உருண்டது. மனிதருக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து போய் உருண்டையைப் பிடித்துவிட்டு, மண்டி போட்டு உட்கார்ந்து, அவிழ்ந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. எண்ணி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

ரத்னம்மாதான் முதலில் பேசினாள். "அப்ப ரெண்டு வருஷமா நான் கொழம்பு வெச்சது இந்தம்மா புடிச்ச மீனா?"

பாய்லர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போன்ல எங்க அண்ணனுங்க கிட்ட என்னா வாயாடினேன் தெரியுமா?" என்றவள், குனிந்து அந்த ஸ்வெட்டரை எடுத்துப் பார்த்தாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இதெல்லாம் நீயா பண்ண?"

"ம்."

"எனக்கு ஒண்ணு பண்ணணும்னு தோணல. இல்ல?"

அவர் சங்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

சுதா என் பக்கம் வந்தாள். இப்போது ஏதோ சொல்லப் போகிறாள் என்று முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். "அத்த, வால் பக்கமும் புடிச்சிக்கோங்க, வழுக்குது" என்றாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நாம பாய்லர் அண்ணன் பக்கம் திரும்பி உக்காரலாம். கத்துக்கத்தானே வந்தோம்" என்றாள்.

இருபது பேரும் அப்படியே இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். மீனோடு நின்றவளை யாரும் கவனிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. பாய்லர் முதலில் முணுமுணுத்தார். பத்து நிமிடத்தில் பழைய குரல் வந்துவிட்டது. "யாரும்மா அது, நூல இறுக்காத. அது என்னா மாடா, கட்டிப் போட?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஏரிக்கு அக்கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

சேதி கம்பெனிக்கும் போயிற்று. போகாமல் இருக்குமா. திங்கட்கிழமை கேன்டீனில் அவர் தட்டில் யாரோ ஒரு நூல் உருண்டையை வைத்துவிட்டார்களாம். சுற்றி இருந்தவர்கள் சிரிக்கக் காத்திருந்தார்களாம். பாய்லர் அதை எடுத்து, விரலில் உருட்டி, கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, "இது மட்ட நூலு. கொழந்தைக்குக் குத்தும். நல்லதா வாங்கியா, பின்னித் தர்றேன்" என்றாராம். அந்த வாரமே நான்கு பேர் தனித்தனியாக வந்து, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி, பேரப்பிள்ளைகளின் தலை அளவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவரைக் கடைசி வரைக்கும் பாய்லர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

என் முதல் விளக்கும் போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை போகலாமா வேண்டாமா என்று நின்றேன். சுதாதான் எண்ணெய் ஊற்றித் திரியைப் போட்டுக் கையில் கொடுத்தாள். பூஜை முடிந்து குங்குமம் வாங்குகிற சாக்கில் ஒருத்தி காதோரம் வந்து, "அம்மா, ஞாயித்துக்கெழம கெண்ட ஏதாவது மாட்டுனா எங்க வூட்டுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றாள்.

போன வருடம் பாய்லர் ரிட்டயர் ஆனார். ரத்னம்மாவுக்கு அண்ணன் தம்பிகளோடு இருக்க ஆசை. ஜவளகிரிப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே காட்டோரம், இங்கேயிருப்பதைவிடக் குளிர். நூலுக்கு வேலை இருக்கும். ரத்னம்மா நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். பாய்லர் என்னிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் நீளமாக ஏதோ பின்னியிருந்தது. கழுத்துக்கா காலுக்கா என்று புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அக்கா, இது தூண்டிக்கு உறை. இனிமே குடை வேணாம்" என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பாறைக்குத்தான் போகிறேன். யாருக்கும் ஒளிக்கவில்லை. செக்ரட்டரியே நின்று, "என்ன பெரியம்மா, மாட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஆனாலும் கரையில் செருப்புச் சத்தம் கேட்டால் என் கை தானாகத் தூண்டிலை இடப்பக்கம் நீட்டிவிடுகிறது. வாங்க ஆள் இல்லை என்று கொஞ்சம் கழித்துத்தான் கைக்குத் தெரிகிறது.